கிறிஸ்துமஸ் பொருட்பாடப் பெட்டி: அட்டைகளுக்காக வாங்கலாம்

நாகர்கோவிலில் கிறிஸ்தவப் புத்தகங்கள் விற்கும் கடைகளில் அக்டோபர் கடைசியிலிருந்தே ஒரு பச்சை நிறப் பெட்டி கண்ணில் படுகிறது. பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸின் பொருளைச் சிறு சிறு பொருட்களைக் காட்டிக் கற்றுக்கொடுப்பதற்கான பெட்டி. விலை 750 ரூபாய். கருங்கல் பக்கத்தில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பாலர் வகுப்பையும் அதற்கு அடுத்த வகுப்பையும் நான் நடத்துகிறேன். சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளையும் இந்தப் பெட்டியை வைத்தே நடத்தினேன். மற்ற சபைகளின் ஆசிரியர்கள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். அதில் உள்ள அட்டைகளுக்காக வாங்குங்கள். பொருட்களில் பாதிக்கு மேற்பட்டவற்றைவிடச் சிறந்தவை நம் வீடுகளிலேயே இருக்கின்றன.

இப்படி ஒரு பெட்டி தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. நம் குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் கண்ணுக்குத் தெரியாமல் வருவதில்லை. டிசம்பர் பிறந்ததும் ஓட்டு வீட்டிலும் மாடி வீட்டிலும் நட்சத்திரம் தொங்கும். முக்குக்கு முக்கு இளைஞர்கள் குடில் கட்டுவார்கள், அதற்குப் போட்டியும் பரிசும் உண்டு. கீதபவனி வீடு வீடாக வரும். அடுப்பில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வேகும். இவ்வளவும் பார்த்து வளரும் பிள்ளையிடம் "கிறிஸ்துமஸ் எதற்கு?" என்று கேட்டால் "புது உடுப்புக்கு" என்று பதில் வருகிறது. பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்ததை அது சொல்கிறது. ஆகவே கண்ணால் பார்ப்பதைக் கொண்டே அடுத்த படிக்கு அழைத்துச் செல்வதுதான் சரியான வழி. சுவிட்சர்லாந்தின் கல்வியாளர் பெஸ்டலோட்சி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வலியுறுத்தியது இதைத்தான்: முதலில் பொருள், பிறகு சொல்.

பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் நட்சத்திரம், பேட்டரியில் எரியும் நான்கு மெழுகுவர்த்திகள், அவற்றை நிறுத்த ஓர் அட்டை வளையம், விரல் நீளத்தில் மரத் தொட்டி, வெள்ளை ரிப்பன், மணி, சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட வளைந்த மிட்டாய்த்தடி, ஊசியிலைக் கிளை, பனிக்காகக் கொஞ்சம் பஞ்சு, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகளின் (ஞானிகளின்) காணிக்கைகளாக மூன்று சிறு பைகள், கண்ணாடி ஒட்டிய ஒரு பரிசுப் பெட்டி ஆகியவை இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கையகல அட்டை ஒன்று. முன்பக்கம் வேத வசனத்தின் இடக்குறிப்பு, பின்பக்கம் மூன்று கேள்விகள். எல்லா அட்டையிலும் அதே மூன்றுதான்: இது என்ன? இது என்ன வேலை செய்கிறது? பெத்லகேமில் இதை யார் தொட்டிருப்பார்கள்?

அந்த இரண்டாவது கேள்வியை எழுதியவர் பிள்ளைகளோடு உண்மையாகவே பழகியவர். பொருட்பாடம் என்ற பெயரில் நாம் அதிகம் செய்வது வேறு: சிவப்பு என்றால் இரத்தம், வெள்ளை என்றால் பரிசுத்தம், பச்சை என்றால் நித்திய ஜீவன் என்று ஒரு பட்டியலைச் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பத்து வயதுப் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து, ஆறு வயதுக்கு அது எட்டாது, ஏனென்றால் அந்த வயதில் ஒன்றைக் காட்டி இன்னொன்றை நினைக்கச் சொல்வது கடினம். ஆனால் பொருள் தானே ஒரு வேலையைச் செய்து காட்டினால் மிகச் சிறிய பிள்ளைக்கும் விளங்குகிறது. அட்டை எழுதியவருக்குத் தெரிந்த இது, பொருட்களைத் தேர்ந்தவருக்குத் தெரியவில்லை.

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டைதான் பெட்டியிலேயே சிறந்தது. திருவருகை வளையத்தின் கதையைச் சரியாகச் சொல்கிறது. 1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிச் விச்செர்ன் என்ற லுத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை. நாளுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனார்கள். காத்திருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் எண்ண முடிந்தது. இவ்வளவு நல்ல கதையைச் சொல்லிவிட்டு, கையில் பேட்டரி விளக்கைக் கொடுத்தால் என்ன பயன்? அதன் வேலை பொத்தானை அழுத்தினால் எரிவது மட்டும்தான். உண்மையான சுடர் அடுத்த திரியைப் பற்றவைக்கும், பற்றவைத்த பிறகும் தான் குறையாது. நான் கடையில் சாதாரண மெழுகுவர்த்திகள் வாங்கினேன். சபைக் கட்டடத்தின் பின்னறையில் ஜன்னல்களை அடைத்து, ஒரு சுடரிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவரின் திரியையும் ஏற்றினோம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களின் அருகில் நின்று பிடித்துக்கொண்டார்கள், ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருந்தது. "முதல் விளக்கு சின்னதாகவே இல்லை டீச்சர்" என்று பாலர் வகுப்புச் சிறுமி ஒருத்தி சொன்னாள். ஒளி உலகத்தில் வந்ததைச் சொல்லும் யோவான் முதல் அதிகாரத்தை அந்த வகுப்புக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தீவனத் தொட்டிக்கும் இதே கதைதான். பெட்டியில் வருவது மெருகேற்றிய அழகான மரத்துண்டு. தீவனத் தொட்டியை முன்னணை என்று வசனத்தில் படிக்கும் பிள்ளை, குடிலில் பார்க்கும் பஞ்சு மெத்தையைத்தான் நினைத்துக்கொள்கிறது. எங்கள் சபைக்கு அடுத்த வளவில் ஒரு மாட்டுத் தொழுவம் இருக்கிறது. கழுநீர் ஊற்றும் கல்தொட்டி ஒன்றும் அங்கே இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டு வகுப்பை அங்கே கொண்டுபோனேன். பிள்ளைகள் அதற்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். சொரசொரப்பு, குளிர்ச்சி, புளித்த தவிட்டு வாசம், விளிம்பில் மாட்டின் எச்சில். "இதிலேயா பாப்பாவைப் படுக்க வைத்தார்கள்?" என்று ஒரு பையன் முகம் சுளித்தான். அந்தச் சுளிப்புதான் எனக்கு வேண்டியிருந்தது. பாலஸ்தீன நாட்டு அகழாய்வுகளிலும் கல்லைக் குடைந்த தீவனத் தொட்டிகள் கிடைத்திருக்கின்றன, மெகிதோ என்ற பழைய நகரத்தில் கிடைத்தவை பெயர்பெற்றவை. ஆகவே லூக்கா சொல்லும் தொட்டி நம் தொழுவத்துத் தொட்டியைப் போன்ற கல்லாகவும் இருந்திருக்கலாம். அசிசி நகரத்துப் பிரான்சிஸ் 1223-ல் கிரெச்சியோ என்ற ஊரில் முதன்முதலாகக் குடில் காட்சி அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டுவந்தார். அதுவே ஒரு பொருட்பாடம். குடில் போட்டிக்கு வண்ண விளக்குகளுக்கும் நீரூற்றுக்கும் செலவிடும் நம் இளைஞர்கள் ஒரு கல்தொட்டியையும் ஒரு கட்டு வைக்கோலையும் நடுவில் வைத்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

ரிப்பனை நான் வெளியிலேயே எடுக்கவில்லை. குழந்தையைத் துணிகளில் சுற்றியதைக் காட்ட அது போதாது. அதற்குப் பதில் முந்தின ஞாயிறு பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கொடுத்து அனுப்பினேன்: நீ பிறந்தபோது உன்னை முதலில் எந்தத் துணியில் வாங்கினார்கள் என்று வீட்டில் கேட்டு வா. வந்த பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன பழைய வேட்டி. தாத்தாவின் வேட்டி, மாமாவின் வேட்டி. சிலர் அந்தத் துணியையே கொண்டுவந்துவிட்டார்கள், அம்மாமார் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். தேவகுமாரனும் நம்மைப் போலவே பிறர் கைகள் ஏந்திச் சுற்றவேண்டிய குழந்தையாக வந்தார் என்பதை எந்த அச்சிட்ட அட்டையைக் காட்டிலும் அந்த வேட்டிகள் தெளிவாகச் சொல்லின. இந்தப் பாடத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பெற்றோரோடு பிள்ளைகள் பேசியதும் இதற்காகத்தான்.

மூன்று காணிக்கைப் பைகளைப் பற்றி எனக்கு உண்மையிலேயே வருத்தம். பொன் என்று தங்கத்தாள் சுற்றிய சாக்லேட், அது போகட்டும். தூபவர்க்கம் என்று ஊதுவத்தித் தூள். வெள்ளைப்போளம் என்று ஒரு சிறு குப்பியில் ரோஜா வாசனைத் தண்ணீர். வெள்ளைப்போளம் கசப்பான பிசின். நிக்கோதேமு இயேசுவின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுவந்த கலவையில் அதுதான் இருந்தது. சிலுவையில் அறையப்படும் முன் அவருக்குக் குடிக்கக் கொடுத்த திராட்சரசத்திலும் அது கலந்திருந்ததாக மாற்கு எழுதுகிறார். பிறந்த பிள்ளைக்குக் கொண்டுவந்த பரிசிலேயே அவருடைய சாவின் வாசம் இருக்கிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அதை ரோஜா வாசனையாக்கினால் பாடமே இல்லாமல் போகிறது. நாகர்கோவிலில் நாட்டு மருந்துக்கடையில் கேட்டால் உண்மையான வெள்ளைப்போளமே கிடைக்கிறது. தூபவர்க்கமாகிய குந்திரிக்கமும் கிடைக்கிறது. வகுப்பில் இரண்டையும் தனித்தனி இலையில் வைத்து முகரச் சொன்னேன், நாக்கில் வைக்க விடவில்லை. குந்திரிக்கத்தைக் கத்தோலிக்க நண்பர்கள் உள்ள பிள்ளைகள் உடனே "கோயில் வாசம்" என்றார்கள். மற்றதை முகர்ந்ததும் "மருந்து வாசம்" என்றார்கள். "பிறந்த பாப்பாவுக்கு யாராவது மருந்து பரிசு கொடுப்பார்களா?" என்று கேட்டேன். பதில் தேடிக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தபடியே ஈஸ்டர் வரைக்கும் போகிற கதையைத் தொடங்கினேன்.

இதே அட்டையில் ஒரு பிழையும் இருக்கிறது. "மூன்று ராஜாக்கள் மாட்டுத்தொழுவத்துக்கு வந்தார்கள்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். மத்தேயு அவர்கள் மூன்று பேர் என்று எங்கும் சொல்லவில்லை, ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள், அவர்கள் நுழைந்தது ஒரு வீட்டுக்குள். வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தும் வகுப்புக்கான அட்டையில் இது இருக்கக் கூடாது.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் நட்சத்திரம் மின்னுகிறது, நிறம் மாறுகிறது. பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் தொங்குவது அதைக் காட்டிலும் பெரியது, ஆகவே யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் தோழி ஒருத்தியின் தகப்பனார் குளச்சலில் வள்ளம் ஓட்டியவர், முதுமையில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். திசை காட்டும் கருவிகள் எல்லாம் வருவதற்கு முன் இரவில் கடலில் எப்படிப் போனீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவரும் வந்தார், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஒரே நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போக முடியாது மக்களே" என்று தொடங்கினார். "அது ஏறிக்கொண்டே போகும். ஒன்று உச்சிக்குப் போனால், அது எழும்பின இடத்திலேயே பின்னால் எழும்புகிற இன்னொன்றைப் பார்க்க வேண்டும்."

"மேகம் மறைத்தால் என்ன செய்வீர்கள் பாட்டா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது, காற்று எந்தக் கன்னத்தில் அடிக்கிறது என்று பார்ப்போம். பொறுமையாக இருப்போம். மேகம் விலகும்."

திரும்பும்போது முட்டம் கலங்கரை விளக்கம் தெரிந்தால் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்வோம் என்றார். பிறகு ஒரு சிறுமி கேட்டாள்: "நட்சத்திரமே உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுமா பாட்டா?" அவர் சிரித்துவிட்டு, "அது வழியைத்தான் காட்டும். துடுப்பு போடுவது நாம்தான்" என்றார். சாஸ்திரிகள் நீண்ட பயணம் வந்ததையும், எருசலேமில் வழி கேட்டு நின்றதையும் அதற்குப் பிறகு நான் வாசித்தபோது ஒரு பிள்ளையும் அசையவில்லை. டிசம்பர் மாதத்தில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் எழுந்து நிற்கும், ஓரியன் (வேட்டைக்காரன்) என்ற நட்சத்திரக் கூட்டத்தின் நடுவில் உள்ளவை. வீட்டில் பெற்றோரோடு அவற்றைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அதைப் பற்றியே பேச்சு. உங்கள் சபைக்கு அருகில் கடலுக்குப் போன ஒரு பெரியவர் இருந்தால் கட்டாயம் அழைத்துப் பேச வையுங்கள். இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் இல்லாத பகுதி குறைவு.

மிட்டாய்த்தடியை வாங்குவோர் கவனிக்க வேண்டும். அதன் அட்டை, அமெரிக்காவில் ஒரு மிட்டாய்க்காரர் இயேசுவைப் பற்றிச் சொல்வதற்காகவே அதை உருவாக்கினார் என்கிறது. அதற்கு வரலாற்று ஆதாரம் எதுவும் இல்லை. உண்மையின் பண்டிகையில் பிள்ளைகளுக்கு ஆதாரமில்லாத கதை எதற்கு? மேய்ப்பனின் கோலைக் காட்ட வேண்டுமானால் ஆட்டுக்குப் பலா இலை பறிக்கும் துரட்டியைக் காட்டலாம், அதன் வளைவு என்ன வேலை செய்கிறது என்று பிள்ளையே சொல்லிவிடும். ஊசியிலைக் கிளையும் பஞ்சுப் பனியும் நம் பிள்ளைகளுக்கு எதையும் சொல்வதில்லை.

கண்ணாடி ஒட்டிய பரிசுப் பெட்டியை மனதார பாராட்டுகிறேன். "தேவன் யாருக்காக வந்தார்?" என்று மூடியில் எழுதியிருக்கிறது, திறந்தால் திறப்பவரின் முகம். பாலர் வகுப்பில் அது விளையாட்டாகப் போனது, நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள். பெரிய வகுப்பில் அப்படி இல்லை. ஒவ்வொருவராகத் தனியே போய்த் திறந்து பார்க்கச் சொன்னேன், பார்த்ததைப் பிறரிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். வகுப்பில் எப்போதும் பின்வரிசையில் உட்காரும் ஒரு பையன் மூடியை இரண்டாம் முறையும் திறந்து பார்த்தான். இது மட்டும் தனியாக விற்றால் எல்லா ஞாயிறு பள்ளிக்கும் ஒன்று வாங்கச் சொல்வேன்.

பெட்டியில் இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா அட்டையும் மகிழ்ச்சியையே பேசுகின்றன. குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்ட ஏரோது ராஜாவின் கொடுமைக்கும் குழந்தையோடு எகிப்துக்கு ஓடிய இரவுக்கும் ஓர் அட்டைகூட இல்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் கடல் வாரிச் சென்றது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தது, கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை, அந்த ஆண்டு கடற்கரை ஊர்களில் கிறிஸ்துமஸ் துக்கத்தோடு கடந்துபோனது. இந்த மாதத்தில் தகப்பனையோ தாத்தாவையோ நினைத்து அழும் வீடுகளிலிருந்தும் நம் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களிடம் சந்தோஷமாயிரு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு துணிப்பையைக் கொடுத்து, இரவோடு இரவாக வீட்டைவிட்டுப் போகவேண்டுமானால் இதில் எதை எடுப்பாய் என்று கேட்டேன். மரியாளும் யோசேப்பும் அப்படி ஒரு பையைக் கட்டியிருப்பார்கள். "எங்கள் அப்பாவின் போட்டோ" என்றாள் ஒருத்தி. பயந்தவர்களின் நடுவிலும் அந்தக் குழந்தை இருந்தது என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அன்றைய ஜெபத்தை நடத்தினேன். பெட்டியைத் தயாரிப்பவர்கள் அடுத்த பதிப்பில் பஞ்சுப் பனியை எடுத்துவிட்டு இதற்கு ஓர் அட்டை சேர்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தரத்தைப் பொறுத்தவரை அட்டைகள் கனமானவை, பிள்ளைகளின் கைக்குத் தாங்கின, எழுத்தும் பெரியது. சில அட்டைகளின் தமிழ் இறுக்கமாக இருக்கிறது, வாசிக்காமல் சொந்த வார்த்தையில் சொல்வது நல்லது. நான்கு விளக்குகளில் இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்பே நின்றுவிட்டன. மிட்டாய் நம் மழைக்காலத்து ஈரத்தில் ஒட்டி, எறும்பு பிடித்தது. சிறிய சபைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி அட்டைகளைச் சுற்றில் விடலாம், மூன்று கேள்விகளைத் தெரிந்துகொண்டால் பொருட்களை அவரவர் ஊரிலேயே தேடிக்கொள்ளலாம். வீட்டில் ஒரு பிள்ளைக்காக மட்டும் வாங்குவதற்கு 750 ரூபாய் அதிகம். வாங்குவதானால் நவம்பர் நடுவுக்குள் வாங்குங்கள், அதற்குப் பிறகு கடைகளில் நட்சத்திரக் கூட்டத்தில் இதை எடுத்துக் காட்டக்கூட ஆள் இருப்பதில்லை. நாட்டு மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் சீட்டில் வெள்ளைப்போளம் என்று தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். போளம் என்று மட்டும் கேட்டால் கரியபோளத்தை மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டி செம்பழுப்பாக இருக்க வேண்டும், கறுப்பாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.